அரைநாள்காரியும் காணாமல் போன தீர்ப்பும்

1986. ஒரு வியாழக்கிழமை, காலை 10.05.

பழைய வழக்குக் கட்டு ஒன்றை அவிழ்த்தார்கள். தீர்ப்புத் தாளைக் காணோம்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கோர்ட்டு ஒன்று. எது என்று கேட்க வேண்டாம். கல்வராயன் மலையடிவாரத்து மூன்று ஏக்கர் விவசாயி வேடியப்பனின் அப்பாவுக்கே சொந்தம் என்று 1969-இல் எழுதின தீர்ப்பு அது. வேடியப்பனிடம் இருந்த நகல் கூரையோடு எரிந்து போனது. பதினொரு மணிக்கு அதே நிலத்துக்கு மறுபடி விசாரணை. தாள் இல்லையென்றால் நிலம் நைனார்பாளையம் தனசேகரன் கைக்குப் போகும். அவ்வளவுதான் நியாயம்.

செவ்வாய்க்கிழமை அந்தத் தாளைப் பழைய கட்டுகளில் தேடிக் கண்டுபிடித்திருந்தவள் கமலா. வாரத்தில் மூன்று காலைப்பொழுது ரிக்கார்டு அறையில் வக்கீல்களுக்காகப் பழைய கட்டுகளைப் புரட்டுவாள். மதியத்துக்கு மேல் தன் கடலைக்காட்டில் களை எடுப்பாள். இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தன் பத்திரத்தைத் தானே படித்து, பக்கத்துக் காட்டுக்காரன் தள்ளி வைத்த வரப்பைப் பழைய இடத்துக்கே தள்ளினாள்.

"செவ்வாக்கிழமை கடைசியா கையெழுத்துப் போட்டது நீதான்," என்றார் ரிக்கார்டு கிளார்க் வீரமுத்து. "அரைநாள்காரிங்கள உள்ள வுட்டா இப்பிடித்தான்."

"தாளை வச்சுட்டுத்தான் போனேன். கட்டி அடுக்கினது நீங்க."

"எதிர்த்துப் பேசறியா?"

ஆபீஸுக்குத் தலைவரான சிரஸ்தார் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தே முக்காலுக்குள்ள தாளு வரணும். இல்லாங்காட்டி போலீஸ்தான், கமலா."

வராந்தா பெஞ்சில் தனசேகரன் கால்மேல் கால் போட்டுச் சிரித்தார். "நான் அரைநாள் உழைச்சவன் இல்ல. பத்து வயசுல ரைஸ்மில்லுல மூட்டை தைச்சுக்கினு இருந்தேன். இன்னிக்கு அந்த மில்லே என்னுது. இவளுக்கு இன்னா தெரியும்?"

வேடியப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "போயிடுச்சா கமலாம்மா?"

"இன்னும் போவலண்ணா. இருங்க."

10.20.

ரிக்கார்டு அறையை விட்டு யார் வந்தாலும் வாசலில் போலீஸ்காரர் மடியைத் தடவிப் பார்ப்பார். ஆகவே தாள் உள்ளேதான் இருக்கிறது. அலமாரிக் கட்டுகளின் மேல் தூசி கலையவில்லை. ஜன்னலடியில் ஆறு கோணி மூட்டைகள். காலாவதியான காகிதங்கள், ஆலைக்குக் கொண்டுபோய்க் கூழாக்க இன்று வண்டி வருகிறது.

"நாராயணசாமிண்ணே, இதெல்லாம் யாரு தைச்சது?"

அட்டெண்டர் நாராயணசாமி முன்னால் வந்தார். "நான்தான். நேத்து சாயங்காலம், ஆறையும். ஊசியும் சணலும் அங்கியே கெடக்குது பாரு."

"எப்பிடித் தைப்பீங்க?"

"இன்னாம்மா கேள்வி இது? வாயை மடிச்சு, இந்த மூலையிலேருந்து அந்த மூலைக்கு ஒரே ஓட்டு. சர்க்கார் குப்பைக்கு ஜரிகையா வெப்பாங்க?"

ஐந்து மூட்டைகளின் வாய் அப்படித்தான் இருந்தது. ஆறாவதில் மட்டும் இரண்டு மூலையிலும் ஒரு பிடிக் கோணியைத் திரட்டிச் சணல் சுற்றியிருந்தது. முயல் காது போல நின்றது.

"காலையில அறையைத் தொறந்தது?"

"வீரமுத்து சாரு. ஒம்போதரைக்கு. ஒடனே என்னை டீ வாங்க அனுப்பிட்டாரு. நான் வர்றப்ப தனசேகரன் ஐயா வெளியே வந்துக்கினு இருந்தாரு. மடியைத் தடவினாங்க. ஒண்ணும் இல்ல."

10.38. வண்டி வந்துவிட்டது. சுமைக்காரர் இருவர் உள்ளே வந்து, நேரே ஆறாவது மூட்டையைத்தான் பிடித்தார்கள். கமலா அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"தூக்குங்க. என்னையும் சேத்துத் தூக்குங்க."

சிரஸ்தார் ஓடி வந்தார். தையலை அறுத்தார்கள். மூன்றாவது கைப்பிடிக் காகிதத்தில் தீர்ப்பு வந்தது.

"எடுத்தவரு தனசேகரன். கதவைத் தொறந்து வுட்டது வீரமுத்து சாரு," என்றாள் கமலா.

"யாரைப் பாத்து இன்னா பேசற?" தனசேகரன் எழுந்தார்.

"வாசல்ல தடவுவாங்கன்னு மூட்டையைப் பிரிச்சுத் தாளை உள்ள போட்டீங்க. வண்டியோட போய்க் கூழாயிடும்னு கணக்கு. ஆபீஸ்ல யாரும் மூட்டைக்குக் காது வெக்க மாட்டாங்க. சுமைக்காரன் பிடிச்சுத் தூக்க வாகா மில்லுலதான் வெப்பாங்க. அவசரத்துல ஒங்க கை பழகினபடி தைச்சிடுச்சு. இங்க மூட்டை தைச்சுப் பொழைச்சவரு நீங்க ஒருத்தர்தான். நீங்களே பெருமையா சொன்னீங்களே!"

வீரமுத்து சிரஸ்தார் பக்கம் திரும்பினார். "மேலிடத்துல சொல்லி ராமநாதபுரத்துக்கு மாத்திடுவேன்னு மிரட்டினாரு சார். பிள்ளைங்க படிப்பு..."

"இவரு பிள்ளைங்க சோத்துக்கு எங்க போவும்?" என்று வேடியப்பனைக் காட்டிக் கத்தினாள் கமலா.

11.25. கோர்ட்டு அறையிலிருந்து வேடியப்பன் வெளியே வந்தார். நிலம் அவருடையது. கமலாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

சிரஸ்தார் குரலை இறக்கினார். "கமலா, உன்னை நிரந்தரமா போடச் சொல்லி எழுதறேன்."

"வாணாங்க. மாத்திடுவேன்னு ஒருத்தன் சொன்னா நடுங்கற வேலை எனக்கு எதுக்கு? சனிக்கிழமை வரேன். அதுக்குள்ள இந்தக் கதவை எவன் தொறந்தாலும் பேரை நோட்டுல எழுதி வையுங்க. வந்ததும் மொதல்ல அதைத்தான் படிப்பேன்."