மேல்படுக்கையும் சேர்த்து

சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கிவிட்டால் ஜவுளிக்கடைக்காரருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. பேசி முடித்து வாங்கிய பிறகும் கொசுறு கேட்பார். காய்கறிக் கடையில் இரண்டு பச்சை மிளகாய், செருப்புத் தைப்பவரிடம் ஒரு ஆணி, பல் பிடுங்கிய டாக்டரிடம் ஒரு கொத்துப் பஞ்சு. கொசுறு இல்லாமல் திரும்பினால் ஏமாந்துவிட்டோம் என்று அர்த்தம், இது அவர் கட்சி.

அப்படிப்பட்டவர் கேம்பர் வேன் ஒன்றை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுக்கப் போனார். விடிந்தும் விடியாமலும், மனைவியையும் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வேனுக்குச் சொந்தக்காரரான மெக்கானிக்கின் ஷெட்டுக்குப் போய் நின்றார். வேன் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே அடுப்பு, குழாய், மடக்கு மேஜை, மூன்று பேர் தாராளமாகப் படுக்க இடம். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இன்னொரு படுக்கை. அதை மறைத்த மரப்பலகையில் மட்டும் ஒரு பூட்டு.

"அது வாடகைக்கு இல்லை சார்."

மெக்கானிக்குக்குக் குரல் கிடையாது. பஞ்சரான டயரில் காற்று இறங்குகிற மாதிரி வெறும் மூச்சுத்தான் வந்தது.

"பூட்டி வச்ச இடத்துக்கும் சேர்த்துத்தானே நான் டீசல் போடப் போறேன்? அதையும் திறந்து விடுங்கண்ணே."

"கீழேயே மூணு பேர் படுக்கலாமே."

"படுக்கலாம். ஆனா மேல ஏறணும்னு பாப்பா ஆசைப்படுதே."

பாப்பா அப்படி எதுவும் சொல்லவில்லை. அவளைப் பெயர் சொல்லி வீட்டில் யாரும் கூப்பிட்டதில்லை, அவள் பொத்தான்தான். கடையில் பொத்தான் டப்பாக்களுக்கு நடுவில் வளர்ந்தவள். சிரிக்க ஆரம்பித்தால் நடுவில் அவளுக்கு ஒரு விக்கல் வரும். அந்த விக்கலை நினைத்து மறுபடி சிரிப்பாள். அதைக் கேட்பதற்காகவே துணி எடுக்க வந்தவர்கள் இன்னும் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு மணி நேரம் பேரம் நடந்தது. கடைசியில் மெக்கானிக் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

"நீங்களா கேட்டு வாங்குறீங்க. நான் குடுக்கலை. அம்மா, நீங்கதான் சாட்சி."

"என்னங்க, வேண்டாமே" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு." சாவி அவர் பைக்குள் போய்விட்டது.

பலகையை நகர்த்தினார். ஈர மழைக்கோட்டு வாடை. உள்ளே ஒன்றும் இல்லை, ஒரு மெத்தை மட்டும். அதன் நடுவில் யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி ஒரு பள்ளம். தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"வெயில் பட்டிருக்கும்" என்றார்.

ஷெட்டுக்குள் வெயிலே வராது.

பயணம் கோணலாகத்தான் ஆரம்பித்தது. அடுப்பு பற்றவில்லை. "நீங்க போய்ப் பேரம் பேசுங்க, எரியும்" என்றாள் மனைவி. எட்டாவது குச்சியில் பற்றிக்கொண்டது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு கைகாட்டிக் கம்பத்தில் இடித்து பம்பர் நெளிந்தது. ஆனால் பத்து மணிக்கு ஏரி கண்ணில் பட்டதும் எல்லாம் மறந்து போயிற்று. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. குளித்தார்கள், ரொட்டியில் முட்டையை வைத்துத் தின்றார்கள். அவருடைய ஒற்றைச் செருப்பு ஏரியில் மிதந்து போனபோது பொத்தான் கரையில் புரண்டு சிரித்தாள். விக்கல் வந்தது. கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் கடைக்கு லீவு விட்ட முதல் நாள் அது.

மதியம் பொத்தான் மேல்படுக்கையில் ஏறிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தலையை நீட்டினாள்.

"அம்மா, ஒரு தம்ளர் தண்ணி. மேல இருக்கிற மாமாவுக்கு."

விளையாட்டு என்று கொடுத்தாள் அம்மா. பிறகு பொத்தான் தலையணை வேண்டும் என்றாள். பிறகு அவளே தன் ரிப்பனை அவிழ்த்து உள்ளே நீட்டினாள்.

"என்ன பொத்தான், மாமாவுக்கு எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துடுவியா? என் பொண்ணா நீ?" என்று கேலி செய்தார் அப்பா.

"எது குடுத்தாலும் இன்னும் கொஞ்சம்னு கேக்குறாருப்பா. உங்கள மாதிரியே."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நாலு மணிக்கு மழை பிடித்தது. வானம் சட்டென்று இருண்டது. கிளம்பலாம் என்றால் பின்சக்கரம் சேற்றில் பாதி புதைந்திருந்தது. டிராக்டர் கிடைக்குமா என்று கேட்க, மனைவி குடையோடு வளைவில் இருந்த கடைக்கு நடந்தாள். அவர் கல் பொறுக்கிச் சக்கரத்துக்கு அடியில் திணித்துக்கொண்டிருந்தார்.

மழைச் சத்தத்துக்கு நடுவே வண்டிக்குள் பேச்சுக்குரல்.

ஆண் குரல். கனமான, நிதானமான, நல்ல குரல்.

"இடம் பத்தலை. இன்னும் கொஞ்சம் தள்ளிப் படு."

கல் கையிலிருந்து விழுந்தது. கதவைத் திறந்து உள்ளே பாய்ந்தார். யாரும் இல்லை. மேல்படுக்கையின் பலகை மூடியிருந்தது.

"பொத்தான்?"

"அப்பா..." அவள் குரல் சுவரோடு ஒட்டிக் கேட்டது. "என் இடத்தைக் கேட்டார்ப்பா. மாட்டேன்னேன். பாதியாவது குடுன்னார். சரின்னுட்டேன்."

பலகையை நகர்த்தி செல்போன் வெளிச்சத்தை அடித்தார்.

மகள் மல்லாந்து கிடந்தாள். வெளிச்சம் அவள் இடது கன்னத்தில் விழுந்தது, இடது தோளில் விழுந்தது. மூக்குத்தண்டோடு நின்றுவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் இருட்டு. எவ்வளவு அடித்தும் போகாத இருட்டு. வலது கையைப் பிடிக்கக் கை நீட்டினார்.

அங்கே கை இல்லை.

"பேசி முடிச்சாச்சு" என்றது இருட்டு.

ஆனாலும் அவருக்கு முப்பது வருஷப் பேரப் பழக்கம். வேண்டிய சரக்கை ஏறிட்டுப் பார்க்கக் கூடாது, மட்டம் தட்டிப் பேச வேண்டும். அழுகையை விழுங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"இதைப் போயா கேக்குறே? நோஞ்சான். மாசத்துல பாதி நாள் காய்ச்சல். ராத்திரியெல்லாம் அழும். ஒரு வேலைக்கும் ஆகாது."

மழை தகரத்தில் கொட்டியது.

"சின்னப் பிள்ளைகிட்ட பேசின பேச்சு பேச்சே இல்லை. பெரியவன் நான் இருக்கேன், என்கிட்ட பேசு."

இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சரி. பொண்ணு வேண்டாம்."

அவர் மகளைத் தூக்கக் கை நீட்டினார்.

"கொசுறா ஒண்ணு குடு."

பிறந்ததிலிருந்து கொசுறு வாங்கித்தான் பழக்கம், யாருக்கும் கொடுத்ததில்லை. யாராவது கேட்டால் என்ன, எதற்கு, எவ்வளவு என்று நூறு கேள்வி கேட்பார். அன்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

"எடுத்துக்கோ. எது வேணும்னாலும் எடுத்துக்கோ."

இருட்டு வடிந்தது. பொத்தான் முழுசாக அவர் கைகளில் வந்து விழுந்தாள். இரண்டு கை, இரண்டு கால், இரண்டு கன்னம். எண்ணி எண்ணித் தடவினார். பலகையை இழுத்துப் பூட்டினார். மனைவி டிராக்டரோடு திரும்பியபோது சக்கரம் தானாகச் சேற்றுக்கு மேலே வந்து நின்றது.

"பேயடிச்ச மாதிரி இருக்கீங்க, என்னாச்சு?"

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம். ஏறு."

பொழுது சாய்கிற நேரம் ஷெட்டில் வண்டியை விட்டார். மெக்கானிக் வாசலிலேயே காத்திருந்தார். நெளிந்த பம்பரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, மனைவி எட்டப் போகும்வரை பொறுத்து, அந்த மூச்சுக்குரலில் கேட்டார்.

"என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் இல்லண்ணே. கொசுறு ஒண்ணு கேட்டுச்சு. எடுத்துக்கோன்னேன்."

"என்னன்னு கேட்டீங்களா?"

"கேக்கலை."

மெக்கானிக் தன் தொண்டையைத் தடவிக்கொண்டார். "நானும் கேக்கலை."

ஜவுளிக்கடைக்காரர் அவர் தொண்டையையே பார்த்தார். வண்டிக்குள் கேட்டது நினைவுக்கு வந்தது. கனமான, நிதானமான, நல்ல குரல். மண்டி போட்டு, கூடவே நின்ற மகளைத் தன் பக்கம் திருப்பினார்.

"பொத்தான், அப்பாகிட்ட பேசும்மா."

"என்னப்பா?"

பேசினாள். அவருக்கு உயிர் வந்தது. கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார், விரல்களை மடக்கி நீட்டினார். எல்லாம் இருந்தது. சந்தோஷத்தில், எப்போதும் செய்கிற மாதிரி, அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டினார்.

பொத்தானின் தோள்கள் குலுங்கின. வாய் அகலத் திறந்தது. கண்ணோரம் நீர் கோத்தது.

சத்தம் வரவில்லை.

அவர் இன்னும் பலமாக மூட்டினார். அவள் குலுங்கினாள், குலுங்கிக்கொண்டே பயந்துபோய் அப்பாவின் சட்டையைப் பிடித்தாள்.

அவர்களுக்குப் பின்னால், பூட்டிக் கிடந்த வண்டியின் மேல்படுக்கையில், யாரோ கலகலவென்று சிரித்தார்கள். நடுவில் ஒரு விக்கல்.

பிறகு அந்த விக்கலை நினைத்து மறுபடி ஒரு சிரிப்பு.