பரிசு வேண்டாம், ஆட்டம் வேண்டும்

அவளை எல்லோரும் ஆணி என்றுதான் கூப்பிடுவார்கள். ஓர் இடத்தில் நின்று "மாட்டேன்" என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவளை அசைக்க முடியாது, பிடுங்கத்தான் வேண்டும். பதினோரு வயதில் இப்படி ஒரு பெயர் வாங்கியதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவளுடைய கூட்டாளி புயல். புயல் என்றதும் பறந்து வருவான் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தெருவிலேயே மெதுவாக நடப்பவன் அவன்தான். பள்ளி மணி அடித்து, பெயர் கூப்பிட்டு முடித்து, டீச்சர் பாதிப் பாடம் தாண்டிய பிறகுதான் வாசலில் அவன் தலை தெரியும். அதனால்தான் அந்தப் பெயர்.

இரண்டு பேருக்கும் டிஸ்க் கோல்ஃப் என்றால் உயிர். நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்களா? பந்தும் கிடையாது, மட்டையும் கிடையாது. தட்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் டிஸ்க். மரங்களுக்கு நடுவே தூரத்தில் ஓர் இரும்புக் கம்பம். அதில் ஒரு கூடை. கூடைக்கு மேலே சங்கிலிகள் தொங்கும். எறிகிற டிஸ்க் சங்கிலியில் மோதி, சலார் என்று கூடைக்குள் விழ வேண்டும். மைதானத்தில் இப்படி வரிசையாகப் பல கூடைகள். எல்லாவற்றையும் குறைந்த எறிதலில் முடிப்பவரே ஜெயித்தவர்.

புயலிடம் இருந்தது ஒரே ஒரு டிஸ்க். மஞ்சள் நிறம். ஓரத்தில் நாய் கடித்த பல் தடம் வேறு. தூரமோ கிட்டவோ எல்லாவற்றுக்கும் அதையேதான் எறிவான். நடையில் இருந்த நிதானம் அவன் கையிலும் இருந்தது. பத்தடிக்குள் வந்துவிட்டால் அவன் குறி தப்பாது.

ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது விளையாட்டுச் சாமான் கடையின் கண்ணாடிக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை டிஸ்க் கோல்ஃப் போட்டி. இதுவரை காணாத பரிசுகள்! நுழைவுக் கட்டணம் முந்நூறு. சிறுவர் பிரிவில் ஆறு பேருக்குக் குறைந்தால் அந்தப் பிரிவு நடக்காது."

"முந்நூறா!" என்றாள் ஆணி. "போன வருஷம் நூறுதானே?"

புயல் நோட்டீஸை இரண்டு தடவை படித்தான். பிறகு பையைத் தோளில் சரிசெய்துகொண்டான்.

"எனக்கு இந்த ஆட்டமே சலிச்சுப்போச்சு. நீ போய் ஆடு" என்றான்.

"பொய் சொல்லாதே. நேத்து இருட்டுற வரைக்கும் எறிஞ்சுக்கிட்டுத்தானே இருந்தே?"

"அது நேத்து."

"எங்க அம்மாகிட்ட கேட்டு உனக்கும் சேர்த்துக் கட்டறேன்."

"வேண்டாம்."

"திருப்பித் தர வேண்டாம்."

"அதனாலதான் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் புயல் நடந்தான். முதல் தடவையாக அவன் வேகமாக நடந்ததை ஆணி அன்றுதான் பார்த்தாள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆணியின் அம்மா வெல்டர். பட்டறை முன்பக்கம், வீடு பின்பக்கம். அம்மா முகத்துக்கு மூடி போட்டுக்கொண்டு, போட்டி மைதானத்தின் ஏழாம் எண் கூடையைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். பழைய சங்கிலிகள் தேய்ந்துபோனதால் அவற்றை வெட்டி எடுத்துவிட்டுப் புதியவற்றை மாட்டியாகிவிட்டது.

ஆணி மூலையில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். எதிரே பூனை பால் குடித்துக்கொண்டிருந்தது, ஒரு பச்சை டிஸ்க்கில்.

அது ஆணி பரிசாக வாங்கியது. போட்டியில் பணத்துக்கு ஆடும் பெரிய ஆட்டக்காரர்கள் ஒரு பிரிவு. மற்றவர்கள் எல்லோரும் அமெச்சூர். அமெச்சூர்களுக்குப் பணப் பரிசு கிடையாது. ஒரு பரிசுச் சீட்டு தருவார்கள். அதைக் கடையில் கொடுத்தால் புது டிஸ்க்குகள் கிடைக்கும். அப்படி வந்தவை ஆணியின் கட்டிலுக்கு அடியில் பன்னிரண்டு. பெயின்ட் டப்பாவுக்கு அடியில் ஒன்று. பூனைக்கு ஒன்று. ஆட்டத்துக்கு அவள் எடுத்துப்போவது மூன்றே மூன்று.

ஆணி பூனையைப் பார்த்தாள். டிஸ்க்கைப் பார்த்தாள். மறுபடி பூனையைப் பார்த்தாள்.

"அம்மா, இந்தத் தட்டுக்காகவா புயல் ஆடாம வீட்ல உட்காரணும்?"

அம்மா மூடியைத் தூக்கினாள். "என்னடி உளர்றே?"

"கூடையைக் குடுக்கப் போகும்போது நானும் வரேன்."

"உன் முகம் போற போக்கே சரியில்லையே" என்றாள் அம்மா. ஆனாலும் தள்ளுவண்டியின் ஒரு பக்கத்தை அவளிடம் கொடுத்தாள்.

கடைக்காரரைப் பிள்ளைகள் விசில் மாமா என்பார்கள். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். போட்டியை நடத்துகிறவரும் அவர்தான். கெட்ட மனிதர் இல்லை. கடை முழுக்கப் புது டிஸ்க்குகளை அடுக்கி, ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா பொண்ணு? எல்லாம் பரிசு! இந்தத் தடவை அள்ளிக்கிட்டுப் போகலாம்!"

"மாமா, கட்டணம் ஏன் இவ்வளவு ஏறிப்போச்சு?"

"பரிசு ஏறிச்சே, கட்டணம் ஏறாதா? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சிறுவர் பிரிவுல இருபத்திரண்டு பேரு. போன வருஷம் பதினாலு. கூட்டம் குறையுதேன்னு பரிசைக் கூட்டினேன். இந்த வருஷம் இன்னும் குறைஞ்சுபோச்சு. அதனால பரிசை இன்னும் கூட்டியிருக்கேன்."

"இதுவரைக்கும் எத்தனை பேர் பேர் குடுத்திருக்காங்க?"

விசில் மாமா ஒரு டிஸ்க்கை ரொம்ப நேரம் துடைத்தார். "ஒருத்தன்."

"முந்நூறுல பரிசுக்கு எவ்வளவு போகுது?"

"இருநூத்து நாப்பது. மைதானத்துக்கும், எறிதலைக் குறிக்கிற அட்டைக்கும், மத்த செலவுக்கும் அறுபது."

"அப்போ நான் அறுபது தரேன். எனக்குப் பரிசு வேண்டாம்."

விசில் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "பரிசு இல்லாத போட்டிக்கு யாரும்மா வருவாங்க?"

"நான் வருவேன்."

"நீ ஒருத்தி."

"ஆறு பேர் வந்தா?"

"ஆறு பேரா! பரிசே இல்லாமலா! வந்தா அறுபதுக்கே ஆடிக்கோங்க. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள. ஒரு நிமிஷம் தாண்டினாலும் கிடையாது."

"சொன்ன சொல் மாறக் கூடாது."

"மாறவே மாட்டேன்" என்றார் மாமா, இன்னும் சிரித்துக்கொண்டே.

வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போது அம்மா கேட்டாள். "அஞ்சு பேரை எங்கேடி பிடிப்பே?"

"பிடிப்பேன்" என்றாள் ஆணி.

அடுத்த வீட்டு இரட்டையர்கள் உடனே சரி என்றார்கள். முந்நூறு என்றால் வீட்டில் ஒருத்தனுக்குத்தான் கிடைக்கும். யாருக்கு என்று மூன்று நாளாகக் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். மூக்குக் கண்ணாடி போட்டதால் கண்ணாடி என்றே பெயர் வாங்கிய எட்டு வயதுச் சிறுமி, "எனக்கு எப்பவுமே கடைசி இடம்தானே அக்கா, பரிசு இருந்தா என்ன, இல்லேன்னா என்ன!" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

கஷ்டம் நான்காவது ஆளிடம்தான். அவன் பெயர் சட்டை. போட்டிக்குப் போட்டி புதுச் சட்டை போட்டு வருவான். மூன்று வருடமாக அவன்தான் முதல் பரிசு. மாமா சொன்ன அந்த ஒருத்தனும் அவன்தான்.

"பரிசு இல்லேன்னா அதுக்குப் பேரு போட்டியா?" என்றான் சட்டை. அவன் அலமாரி முழுக்க டிஸ்க், ஒன்றின் மேல் ஒன்றாக.

"எத்தனை வெச்சிருக்கே?"

"முப்பத்தொண்ணு!"

"எத்தனை எறிவே?"

சட்டை யோசித்தான். "நாலு."

"புயல் ஒண்ணுதான் வெச்சிருக்கான். போன மாசம் ஏழாம் கூடையில உன்னைத் தோக்கடிச்சான்."

"அது பயிற்சி! போட்டியில வரட்டும், பாக்கலாம்!"

"எங்கேயிருந்து வருவான்? நீதான் முந்நூறு கட்டி, தனியா ஆடி, தனியா ஜெயிச்சு, உனக்கு நீயே கை தட்டிக்கப் போறியே!"

சட்டையின் காது சிவந்தது. அலமாரிக் கதவைப் படார் என்று சாத்தினான். "அறுபதுதானே? எழுதிக்கோ என் பேரை. அவனைக் கட்டாயம் வரச் சொல்லு."

புயல் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து தம்பிக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மா சலவைக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் வரும்வரை தம்பி அவன் பொறுப்பு. ஆணி சொன்னதை முழுக்கக் கேட்டான்.

"எனக்காகத்தானே இதெல்லாம்?"

"உனக்காக மட்டும் இல்லை. எங்க பூனைக்கு ஒரு தட்டு போதும், அதுக்காகவும்தான்."

புயலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் முகத்தை இறுக்கிக்கொண்டான். "அறுபது என்கிட்ட இருக்கு. நானே தருவேன். யாரும் எனக்காகக் கட்டக் கூடாது."

"யாருடா கட்டறேன்னு சொன்னா? பன்னிரண்டு மணிக்குள்ள வந்து சேரு. அது போதும்."

சனிக்கிழமை. கடை வாசலில் மேசை போட்டு விசில் மாமா உட்கார்ந்திருந்தார். பதினொன்றே முக்காலுக்கு ஆணி, இரட்டையர், கண்ணாடி, சட்டை என்று ஐந்து பேர் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரியவர்கள் பத்துப் பேர்.

விசில் மாமா ஐந்து தலைகளையும் எண்ணினார். அவர் முகத்தில் சிரிப்பைக் காணோம். "அஞ்சுதானே?" என்றார்.

"ஆறாவது ஆள் வரான் மாமா."

"எங்கே?"

ஆணி கை காட்டினாள். தெருக்கோடியில், தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, புயல் வந்துகொண்டிருந்தான். வழக்கமான நடை.

"ஓடுடா!" என்று கத்தினான் சட்டை.

புயல் நின்று, தம்பியின் செருப்பைச் சரிசெய்தான்.

"ஐயோ!" என்று இரட்டையர் ஒரே நேரத்தில் தலையில் கை வைத்தார்கள்.

"பன்னிரண்டு ஆகப்போகுது!" என்று ஆணி அலறினாள். அப்போதுதான் புயல் ஓடினான். நிஜமாகவே ஓடினான். தம்பி குதிரைச் சவாரி என்று நினைத்துக் கைகொட்டிச் சிரித்தான். மேசையில் அறுபதை வைத்தபோது கடிகாரத்தில் இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது.

விசில் மாமா தொண்டையைச் செருமினார். "இதோ பாரும்மா, அன்னிக்கு நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னது..."

"நாங்களும் விளையாட்டுக்குத்தான் கேக்கறோம் மாமா."

"முந்நூறுன்னு அச்சடிச்சாச்சு. வாங்கின பரிசை எல்லாம் நான் என்ன பண்றது? கொஞ்சம் தள்ளி நில்லு, பின்னாடி ஆள் நிக்கறாங்க."

"தள்ள மாட்டேன்" என்றாள் ஆணி.

இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் புயல் நின்றான். சட்டை நின்றான். இரட்டையர் நின்றார்கள். கண்ணாடி, மேசைக்கு மேல் கண் மட்டும் தெரிய, அவளும் நின்றாள்.

விசில் மாமா விசில் ஊதினார். ஒருவரும் அசையவில்லை.

"நீங்க குடுத்த வார்த்தை மாமா. ஆறு பேர்னீங்க, ஆறு பேர் இருக்கோம். பன்னிரண்டு மணின்னீங்க, இன்னும் அடிக்கலை. பரிசைக் கூட்டக் கூட்டக் கட்டணம் கூடுது. கட்டணம் கூடக் கூட ஆள் குறையுது. பரிசு குடுக்க ஆளே இல்லாத போட்டிக்கு எதுக்கு மாமா பரிசு?"

வரிசையில் நின்ற நர்ஸ் அக்கா எட்டிப் பார்த்தார். "என்னம்மா அது? பரிசு வேண்டாம்னா அறுபதா? பெரியவங்களுக்கும் உண்டா?"

"இதென்னடா வம்பு!" என்றார் மாமா.

"எங்க வீட்ல பதினாலு டிஸ்க் இருக்குங்க. அதைப் போட்டு மூடறதுக்குப் பாத்திரம்தான் இல்லை. எனக்கும் அறுபதுச் சீட்டே போடுங்க" என்றார் நர்ஸ் அக்கா.

"எனக்கும்" என்றார் அவருக்குப் பின்னால் நின்ற பஸ் டிரைவர். "நான் ஜெயிக்கவா போறேன்? காத்தாட எறிஞ்சுட்டுப் போகத்தானே வரேன். அறுபதுன்னா என் மச்சானும் வருவான்." பேசிக்கொண்டே போனை எடுத்துவிட்டார்.

விசில் மாமா வரிசையைப் பார்த்தார். அது நீண்டுகொண்டே போனது. கடைசியில் ஒரு பேனாவை எடுத்து, நோட்டீஸில் முந்நூறுக்குக் கீழே, "பரிசு வேண்டாதவர்களுக்கு அறுபது" என்று எழுதினார்.

"உன்னைப் பெத்தவங்க பேரு வைக்கும்போதே தெரிஞ்சுதான் வெச்சாங்களா?" என்று கேட்டார்.

"ஆணின்னு பேரு வெச்சது ஊரு மாமா" என்றாள் ஆணி.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். மாமாவுக்கு அட்டை போதாமல் போய், காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்தார். சனிக்கிழமைக் கெடுவை மாமாவே தளர்த்திவிட்டதால், சிறுவர் பிரிவில் அன்று காலையில் மேலும் நான்கு பேர் சேர்ந்தார்கள்.

கடைசிக் கூடைக்கு வரும்போது சட்டையும் புயலும் சமம். சட்டை நாற்பதடியிலிருந்து எறிந்தான். டிஸ்க் கூடையின் விளிம்பில் உட்கார்ந்து, யோசித்து, வெளியே விழுந்தது. புயல் எட்டடி தூரத்தில் நின்றான். ஒரு கொட்டாவி விட்டான். மஞ்சள் டிஸ்க்கை எறிந்தான்.

சலார்!

சட்டை ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அடுத்த தடவை விட மாட்டேன்!"

"வா, வா" என்றான் புயல்.

ஆணிக்கு மூன்றாவது இடம். அவள் ஒரு துணிப்பையை எடுத்து வந்தாள். அதில் ஏழாம் கூடையின் பழைய சங்கிலி, ஏழு கண்ணி. அவள் கேட்டுக்கொண்டபடி அம்மா அதை ஓர் இரும்புத் தகட்டின் மேல் நிற்கிற மாதிரி பற்றவைத்துக் கொடுத்திருந்தாள்.

"இது யாரும் காசு குடுத்து வாங்கினது இல்லை. நாம எல்லாரும் எறிஞ்ச டிஸ்க் பட்டுப் பட்டுத் தேஞ்ச சங்கிலி. ஜெயிக்கறவங்க அடுத்த போட்டி வரைக்கும் வெச்சுக்கலாம்" என்றாள்.

புயல் அதை இரண்டு கையாலும் வாங்கினான். கனமாக இருந்தது. தம்பி அதை நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

விசில் மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஜெயிச்ச பையனுக்கு வெறும் துருப்பிடிச்ச சங்கிலியா? நாளைக்குக் கடைக்கு வாடா தம்பி. நல்ல டிஸ்க் ஒண்ணு சும்மாவே தரேன்."

புயல் நாய் கடித்த மஞ்சள் டிஸ்க்கைத் தன் சட்டை ஓரத்தில் துடைத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"வேண்டாம் மாமா. என்கிட்டதான் ஒண்ணு இருக்கே!"