தொண்ணூற்றேழு டிகிரி

கம்ப்யூட்டர் கேபினெட்டின் மேல்தகட்டில் ஓர் இடத்தில் மட்டும் தூசு இல்லை. மேசை, மானிட்டர், ஜன்னல் கட்டை என்று அறை முழுக்க ஒரு வாரத் தூசு மாவு சலித்ததுபோல் கிடக்க, அந்த இடம் மட்டும் பளபளவென்று இருந்தது, ஒரு பக்கம் சற்றே நீண்ட வட்டமாக, பூனை சுருண்டு படுத்து எழுந்து போன இடம் மாதிரி. அவர்கள் வீட்டில் பூனை கிடையாது. சூடான காற்று அடிப்பதால் தூசு தங்கவில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் காற்று வெளியேறும் ஓட்டைகள் பின்பக்கம் இருந்தன. வட்டம் முன்பக்கம் இருந்தது.

வேறு யாராவது என்றால் ஒரு துணியை எடுத்து மொத்தமாகத் துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள். அரை மில்லிமீட்டர் பிசகினால்கூட அவள் கண்ணில் உறுத்தும், உறுத்தியதைச் சும்மா விடவும் தெரியாது.

அந்தக் கம்ப்யூட்டர் அவள் அண்ணன் தன் கையாலேயே கட்டியது. அதற்கு முன்னால் அவன் எப்படி இருந்தான் என்று நினைத்தால் இப்போதும் அவளுக்குப் பாவமாக இருக்கும். ஐந்து வருடம் காய்ச்சல்காரன் மாதிரி உடம்பு கொதிக்க, கண் இரண்டும் உள்ளே போய், இதே அறையில் ஒரு தடித்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தான். பார்க்காத டாக்டர் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தக் கம்ப்யூட்டரைக் கட்டினான், அதோடு எல்லாம் சரியாகிவிட்டது. ஆள் தேறினான், சிரித்தான், மூன்று மாதத்துக்கு முன் கல்யாணமும் ஆயிற்று. தனிக்குடித்தனம் கிளம்பிய அன்று அவளைக் கூப்பிட்டு, "ரூமும் உனக்கு, கம்ப்யூட்டரும் உனக்கு, எடுத்துக்கோ குட்டி" என்றான். அதுவரை மவுஸைத் தொடக்கூட விடாதவன். அவள் அழுதே விட்டாள். எங்கள் அண்ணன் மாதிரி உண்டா என்று கடையில் வாய் ஓயாமல் பெருமை அடித்தாள்.

இரண்டே நிபந்தனை. ஒருபோதும் அணைக்கக்கூடாது. ஒருபோதும் திறக்கக்கூடாது. எதுவானாலும் அவனே வந்து பார்த்துக்கொள்வான்.

எங்கே வந்தான்? ஒரு மாதமாகக் கூப்பிடுகிறாள். ப்ராசஸர் தொண்ணூற்றேழு டிகிரியில் கொதிக்கிறது, திரையின் மூலையில் அந்த எண் சிவப்பில் நின்றுகொண்டே இருக்கிறது, ஆன்லைன் விளையாட்டு நடுவில் படம் திக்கித் திக்கி உறைகிறது. ஃபேன் போடும் இரைச்சல் மைக் வழியாகக் கேட்டுக் கேட்டு அவளுடைய டீமில் அவளுக்கு 'அடுப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். போன ஞாயிறு கடைசி நிமிடத்தில் திரை உறைந்து, அவளால் டீமே தோற்றது. "அடுப்பு, அடுத்த வாரமும் இப்படின்னா உன் இடத்துல வேற ஆளப் போடறோம், கோவிச்சுக்காதே" என்று கேப்டன் சொல்லிவிட்டான். அந்த அடுத்த வாரம் இன்றைக்கு, மாலை ஆறு மணிக்கு.

காலையில் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள்.

"இன்னிக்கு நானே இதைத் திறந்து பாக்கப்போறேம்மா. சூடு தாங்கல."

மடித்த துணியை அலமாரியில் வைத்துக்கொண்டிருந்த அம்மா திரும்பவில்லை. "ஓடுதுல்ல? ஓடட்டும் விடு. சூடா இருந்தா நல்லதுதானே."

என்ன பேச்சு இது என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. போகிற போக்கில் அம்மா கேபினெட்டின் பின்விளிம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனாள். தினமும் செய்வதுதான். பிள்ளை ஞாபகம் என்று இவள் நினைத்துக்கொள்வாள்.

மதியம் அம்மா ஹாலில் கண்ணயர்ந்ததும் அவள் கம்ப்யூட்டரை அணைத்தாள்.

மூன்று மாதமாக ஓயாத இரைச்சல் நின்றதும், அறையில் இத்தனை நாள் கேட்காததெல்லாம் கேட்க ஆரம்பித்தது: சுவர்க் கடிகாரம், வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்புவது, சூடு ஆறும் உலோகம் டிக் டிக்கென்று சுருங்குவது. சுட்ட பிளாஸ்டிக் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது, பல நாள் உலராத துணியின் வாசனை. பிறகு மேல்தகட்டில் ஒரே ஒரு தடவை, நகத்தால் தகரத்தைப் பிறாண்டியதுபோல் ஒரு சத்தம், நீளமாக. தூக்கத்தில் யாரோ புரண்டு படுத்த மாதிரி. தகரம் சுருங்கும்போது அப்படித்தான் கேட்கும் என்று சொல்லிக்கொண்டே அவள் ஸ்க்ரூக்களைக் கழற்றினாள்.

பக்கத்தகட்டின் உட்புறத்தில் அண்ணனின் கோழிக்கிறுக்கல், மார்க்கர் பேனாவில்.

82 – முழிச்சிருக்கு.
90 – புரளுது.
94 – புரளுது.
97 – தூங்குது.

கடைசி வரியின் பக்கத்தில் தேதி. பெண் பார்க்கப் போனதற்கு முந்தின வாரம்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, மிஷின் சமாச்சாரம் ஏதோ என்று விட்டுவிட்டாள். ப்ராசஸரின் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் கூலரை மெல்ல ஆட்டித் தூக்கினாள். அடியில் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். கூலரின் அடித்தகட்டில் பிளாஸ்டிக் தாள்! மாட்டுவதற்கு முன் உரித்துவிடுங்கள் என்று கம்பெனிக்காரன் கொட்டை எழுத்தில் போட்டு அனுப்பும் தாள். முதல் தடவை கம்ப்யூட்டர் கட்டுகிறவர்கள் மறந்துபோய் அப்படியே மாட்டிவிட்டு, ஏன் கொதிக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பெரிய மேதாவி அண்ணன், ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுக்கிறவன், இதை மறந்திருக்கிறான். வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டலாம்.

சிரிப்பு பாதியில் நின்றது. அது கம்பெனித் தாள் இல்லை. மூன்று தாள்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, அடித்தகட்டின் அளவுக்குக் கச்சிதமாக வெட்டி, நான்கு மூலைகளையும் கத்தரியால் வளைத்து ஒட்டியிருந்தான். மறதியில் யாரும் மூலையை வளைக்க மாட்டார்கள்.

வேண்டுமென்றே செய்திருக்கிறான். நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டான். பாழாக்கி வைத்ததைப் பாசமாக நீட்டினான், இவளும் கண்ணீர் விட்டு வாங்கிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே தாள்களை உரித்தெறிந்து, கடையிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட்டாலும் லென்ஸ் துடைக்கும் துணியாலும் கூலரின் அடியையும் ப்ராசஸரின் மேல்பக்கத்தையும் கண்ணாடி மாதிரி மின்னும்வரை துடைத்தாள். சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்து, கூலரைச் சமமாக உட்கார்த்தி, எதிரெதிர் ஸ்க்ரூக்களாகப் பார்த்து முடுக்கினாள். ஒரு குறை சொல்ல முடியாத வேலை.

கம்ப்யூட்டர் சத்தமே இல்லாமல் உயிர் பெற்றது. மூலையில் பச்சை எழுத்தில் எண் வந்தது. முப்பத்தெட்டு.

கதவு திறந்துதான் இருந்தது. ஹாலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அவளுக்குக் காலடியில் சில்லென்றது. அவள் ஃபோனை எடுத்தாள்.

"அண்ணா, உனக்கு வெக்கமா இல்ல? மூணு தாள் வெட்டி ஒட்டியிருக்கே. நான் உனக்கு என்னண்ணா பண்ணேன்?"



"தொறந்துட்டியா?"

"தொறந்தேன். உரிச்சுப் போட்டுட்டேன்."

"இப்ப எவ்ளோ காட்டுது?"

"முப்பத்தெட்டு."

கத்துவான், சமாளிப்பான், மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தாள். தூரத்தில் அண்ணியின் குரல், "யாருங்க ஃபோன்ல?"

"யாருமில்ல" என்றான் அண்ணன். பிறகு தாழ்ந்த குரலில் இவளிடம், "ரூம்ல நீ மட்டும்தான் இருக்கியா?"

"ஆமா. ஏன்?"

அவன் வைத்துவிட்டான்.

உடனே ஹாலில் அம்மாவின் ஃபோன் அடித்தது. "ம்... எப்ப?... ம். சரிப்பா. சரி." செருப்பில்லாத கால் நடந்துவரும் சத்தம். தன்னைத் திட்டத்தான் அம்மா வருகிறாள் என்று நினைத்து அவள் நாற்காலியைத் திருப்பினாள். கதவு சாத்தப்பட்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"அம்மா?"

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கோடி" என்று அம்மா கதவுக்கு அப்பாலிருந்து அழுதாள். "முதல்ல பயமாத்தான் இருக்கும். உங்கண்ணன் அஞ்சு வருஷம் வெச்சிக்கலியா?"

"என்னத்தம்மா? கதவத் தொற!"

"அது சூட்டத் தேடும்டி. இங்க கிடைக்கலன்னா அவனைத் தேடிட்டுப் போகும். அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

தினமும் அந்த உள்ளங்கை எதைப் பார்த்தது என்று அவளுக்கு இப்போது புரிந்தது. கதவை அடித்தாள், உதைத்தாள், அம்மா அம்மா என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஜன்னலுக்குக் கம்பி. அம்மாவின் அழுகை ஹால் பக்கம் நகர்ந்து போனது.

அவளுக்குப் பின்னால் மேல்தகடு டொக்கென்று நிமிர்ந்தது. ஒரு கனம் அதைவிட்டு இறங்கியது.

சூடு. சூடு வேண்டும். பாய்ந்து வந்து நாற்காலியில் விழுந்து, இருக்கிற விளையாட்டையெல்லாம் ஒரே நேரத்தில் திறந்தாள். நாற்பத்தாறு. ஏறு. ஐம்பத்தொன்று. ஏறித் தொலை. ஐம்பத்திரண்டு. அங்கேயே நின்றது. தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் ஏறாது, அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தாள்.

மேசையின் ஓரத் தூசியில் ஒரு பாதை விழுந்துகொண்டு வந்தது. அகலமான பாதை.

கீபோர்டின் கோடியில் ஒரு கீ தானாக அமுங்கியது. பக்கத்தில் இரண்டு. பிறகு ஐந்தாறு, மொத்தமாக. திரையில் டீமின் பேச்சுப்பெட்டியில் அர்த்தமில்லாத எழுத்துகள் வரிசையாக விழுந்தன. 'அடுப்பு, என்ன டைப் பண்றே?' என்று யாரோ எழுதினார்கள். சிரிக்கும் முகம் ஒன்று போட்டார்கள்.

கீக்கள் அவள் கையை நோக்கி அமுங்கிக்கொண்டு வந்தன.

கையை எடுக்க நினைத்தாள். கை வரவில்லை.

மணிக்கட்டு. ஐஸ் மாதிரி.

முழங்கை. ஈரத்துணி வாசனை.

தோள்.

பிடரியில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, இடம் பார்த்துப் படுத்தது. கனம் தலையை முன்னால் தள்ளியது. அவள் அசைந்தாள். நகம். அசையாமல் இருந்தாள். நகம் உள்ளே போயிற்று. அவளுக்குக் கன்னம் சுட்டது, பிறகு காது, பிறகு கண். வெளியே வெளிச்சம் மங்கியது. மேசையில் கிடந்த ஹெட்செட்டில் கேப்டனின் குரல் சின்னதாகக் கேட்டது.

"ஃபேன் சத்தமே இல்லையே! இனிமே உன்னை அடுப்புன்னு கூப்பிட முடியாது போலிருக்கே!"

விளையாட்டு தொடங்கியது. திரையில் அவளுடைய ஆள் நின்ற இடத்திலேயே நின்றான்.

இருட்டியபின் தாழ்ப்பாள் விலகியது. அம்மா விளக்கைப் போடவில்லை. காதில் ஃபோனை வைத்துக்கொண்டு வந்தவள், பழக்கதோஷத்தில் கேபினெட்டின் பின்விளிம்பில் கை வைத்தாள். அது சில்லென்று இருக்கவே கையை எடுத்துக்கொண்டாள். பிறகு அதே உள்ளங்கையை மகளின் நெற்றியில் வைத்தாள். எத்தனையோ காய்ச்சலில் வைத்த கை. அம்மா என்று கூப்பிட அவளுக்கு வாய் திறக்கவில்லை, கண்ணீர் மட்டும் சுடச்சுட இறங்கியது.

"சூடாத்தான் இருக்கா" என்றாள் அம்மா ஃபோனில்.

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அம்மா குனிந்து, மகளின் முகத்தைத் தாண்டி, பிடரிக்குப் பின்னால் பார்த்தாள்.

"ம். தூங்குது."

கட்டிலுக்கு அடியிலிருந்து அண்ணனின் தடித்த கம்பளியை இழுத்து உதறினாள். இரண்டையும் சேர்த்துப் போர்த்தி, கழுத்தோரம் செருகிவிட்டு, பிடரிப் பக்கம் மட்டும் அது மூச்சு விடக் கொஞ்சம் இடம் விட்டாள்.