பிணத்தின் பிடியில் மூன்று முடி!

டிரிங்... டிரிங்...!

மறுபடியும் ஃபோன்!

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே ரிசீவரை எடுத்தார் நிபுணர். தடயவியல் லேபில் அவருக்கு 'ஒற்றைக்கண்' என்று பெயர். இடது கண்ணைச் சுருக்கியே பாதி ஆயுளைக் கழித்தவர். மனைவியைக்கூட ஒரு கண்ணால்தான் பார்ப்பார் என்று கேள்வி.

"யோவ், ரிப்போர்ட் என்னாச்சு?" மாடி அறையிலிருந்து கமிஷனர்.

"நீங்க ஃபோனை விட்டாத்தானே சார் நான் பார்க்க முடியும்!"

"பதில் சொல்லாம வைக்க மாட்டேன்!"

"அப்போ வைக்காதீங்க!"

ரிசீவரை அப்படியே மேஜையில் படுக்கப் போட்டார்.

எதிரே இன்ஸ்பெக்டர். காலையிலிருந்து நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

கல்யாண மேக்கப்காரன் ஒருவன் தன் கடையிலேயே கழுத்து நெரிபட்டுக் கிடந்தான். இறுகிய கைக்குள் மூன்று கறுப்பு முடி! பிரேதப் பரிசோதனை டாக்டர் பிரித்தெடுத்து, சீல் வைத்து அனுப்பியிருந்தார்.

லாக்கப்பில் இருப்பவன் செத்தவனின் மச்சினன். வெளியே பெஞ்சில் அவன் அக்கா. புருஷனைப் பறிகொடுத்தவள். இன்று தம்பியையும்...?

"கறுப்பு முடி. அவனுக்கும் கறுப்பு. ஒத்துப்போகுதுன்னு எழுதிக் குடுங்க சார். கோர்ட்டை மூடிடுவாங்க." அவசரப்படுத்தினார் இன்ஸ்பெக்டர்.

"காக்காவும் கறுப்புதான். பிடிச்சிட்டு வர்றீங்களா?"

ஒற்றைக்கண்ணுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. எப்படிப் பார்த்தாலும் கணக்கு இடித்தது. மூன்று முடியும் ஒரே முடிச்சில் கிளம்புகின்றன. முடியின் மேல் மீனுக்கு இருப்பதுபோல் செதில் உண்டு. எப்போதும் நுனியைப் பார்த்தே படுத்திருக்கும். இங்கே இரண்டு முடியில் மேல்நோக்கி... ஒன்றில் கீழ்நோக்கி!

தலைகீழாய் வளரும் முடியா? கர்மம்!

சட்டென்று மேஜையைத் தட்டினார்.

"இது தலையில முளைச்சதே இல்ல... டோப்பா! கட்டினவன் ஒரு முடியைத் தலைகீழாக் கட்டியிருக்கான்!"

இன்ஸ்பெக்டர் சிரித்தார். வியர்த்துக்கொண்டே.

"மேக்கப் கடையில டோப்பாவுக்கா பஞ்சம்? அவன் கடைச் சரக்கா இருக்கும்."

"இருக்கலாம். ஆனா முடிச்சுல பசை. பசையில நெத்தி பவுடர், கொஞ்சம் தோல்... அப்புறம் ஒரு நூல்." மறுபடி குனிந்தார். "காக்கி நூல் சார்!"

இன்ஸ்பெக்டரின் கை தொப்பியை இன்னும் கீழே அழுத்தியது.

"தலை புழுங்கலையா சார்? தொப்பியைக் கழட்டுங்களேன்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். கதவைத் தாழிட்டார். துப்பாக்கி வெளியே வந்தது!

"அடுத்த வாரம் எனக்குக் கல்யாணம்யா! மாப்பிள்ளை மேக்கப்புக்குப் போனேன். டோப்பாவைத் தொட்டுப் பார்த்தான்... பொண்ணு வீட்டுக்குத் தெரியுமான்னு சிரிச்சான். சிரிக்காதடான்னு சொன்னேன். நிறுத்தல... நான் நிறுத்திட்டேன்!"

"பாவம் அந்த மச்சினன் என்னய்யா பண்ணினான்?"

"அவனுக்குச் சொந்த முடி! அந்தத் திமிருக்கே உள்ள போகட்டும்!"

விசையில் விரல் இறுகியது...

"யோவ் இன்ஸ்பெக்டர்!" மேஜையிலிருந்து கரகரத்தது ரிசீவர். "நான்தான் வைக்க மாட்டேன்னு சொன்னேனே! ஆளுங்க கதவுக்கு வெளிய நிக்கறாங்க. துப்பாக்கியைக் கீழே போடு!"

படார்! கதவு பெயர்ந்தது. நாலைந்து பேர் பாய்ந்து அமுக்கினார்கள். துப்பாக்கி ஒரு பக்கம் பறந்தது. தொப்பி மறுபக்கம். தொப்பியோடு டோப்பாவும்!

விலங்கு மாட்டும்போது இன்ஸ்பெக்டர் கெஞ்சினார்.

"சார்... பொண்ணு வீட்டுக்கு மட்டும் வழுக்கைன்னு தெரிய வேணாம்!"

ஒற்றைக்கண் முதல்முறையாக இரண்டு கண்களாலும் அவரைப் பார்த்தார்.

"கவலைப்படாதீங்க. ஜெயில்ல எல்லாருக்கும் மொட்டைதான்... வித்தியாசமே தெரியாது!"