மலைமேல் சுஹாவின் வாசிப்பு

பேருந்தில் ஏறும்போதே சுஹா கையிலிருந்த தாளை மறுபடி மறுபடி விரித்துப் பார்த்தாள். ஊர்த் தேவாலயத்தார் எல்லோரும் அன்று கலிலேயக் கடற்கரைக்குத் திருப்பயணம் போனார்கள். இயேசு மலைப்பொழிவு சொன்ன குன்றின்மேல் வேதம் வாசிக்க, பாதிரியார் அபூனா மிக்காயீல் சுஹாவைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்.

"பாதியிலயே உனக்குத் தொண்டை அடைச்சிக்கும், பாரேன்!" என்றாள் பெரியம்மா மகள் ஃபத்வா. அவளுக்கும் வாசிக்க ஆசை.

"அடைச்சாலும் உன்னைக் கூப்பிட மாட்டேன், போடி!"

சுஹாவின் பக்கத்தில் தம்பி வதீ உட்கார்ந்திருந்தான். ஏழு வயது. அவனுக்குக் காது கேட்காது. வீட்டில் எல்லோரும் அவனோடு கைகளால்தான் பேசுவார்கள்.

முதலில் கடலோர ஊரான கப்பர்நகூமில் இறங்கினார்கள். இயேசுவின் சீடர் பேதுருவின் வீடு இருந்த இடத்தைக் காட்டி அபூனா ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். வதீ அக்காவின் சட்டையை இழுத்தான். "என்ன சொல்றார்?" என்று கையால் கேட்டான்.

சுஹா தன் வாசகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "அப்புறம்," என்று கையசைத்தாள்.

கடற்கரையில் மறுபடி கேட்டான். மறுபடியும் "அப்புறம்"தான்.

வதீக்குக் கோபம் வந்துவிட்டது. கூழாங்கற்களைப் பொறுக்கித் தண்ணீரில் எறிந்தான். ஒரு கல் குறி தவறி, ஷுக்ரியின் அம்மா என்பதால் எல்லோரும் 'உம் ஷுக்ரி' என்று கூப்பிடும் அத்தையின் கூடையில் விழுந்தது.

"ஐயோ, என் ரொட்டி! இவனுக்கு ஒண்ணும் புரியப்போறதில்ல. வீட்லயே விட்டுட்டு வந்திருக்கலாம்ல?" என்றார் அத்தை.

அம்மாவின் முகம் சிவந்தது. சுஹா குனிந்துகொண்டாள்.

குன்றின்மேல் எல்லோரும் புல்லில் உட்கார்ந்தார்கள். கீழே கடல் நீலமாக மின்னியது. சுஹா தாளை விரித்து, யாரெல்லாம் பேறுபெற்றவர்கள் என்று இயேசு சொன்ன வரிகளை வாசிக்கத் தொடங்கினாள். குரல் கணீரென்று ஒலித்தது. அபூனா தலையாட்டினார்.

இரண்டாவது வரியில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை முகங்களும் அவளைப் பார்த்தன. ஒரே ஒரு முதுகும் தெரிந்தது. வதீ எல்லோருக்கும் முதுகைக் காட்டி, புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

சுஹாவின் வாசிப்பு நின்றது.

"தொண்டை அடைச்சிருச்சா?" என்று கிசுகிசுத்தாள் ஃபத்வா.

"இல்ல. நீ இங்க வா."

"நானா?"

"இந்தா, நீ படி. மெதுவாப் படிக்கணும், என் கை உன்னைத் தொடர்ந்து வரணும்."

ஃபத்வா வாயைப் பிளந்தபடி தாளை வாங்கிக்கொண்டாள். சுஹா போய்த் தம்பியின் தோளைத் தட்டித் திருப்பினாள். "அப்புறம்னு சொன்னேன்ல? இப்போ பாரு," என்று கையால் சொல்லிவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

ஃபத்வா வாசித்தாள். சுஹாவின் கைகள் பேசின. அழுகிறவர்களைப் பற்றிய வரி வந்ததும் விரல்கள் கன்னத்தில் கண்ணீராக வழிந்தன. பசித்தவர்களுக்காக உள்ளங்கை வயிற்றைத் தடவியது. வதீ கண் இமைக்கவில்லை.

சமாதானம் செய்கிறவர்களைப் பற்றிய வரியில் சுஹா திணறிப்போனாள். அதை எப்படிக் காட்டுவது? இரண்டு கைகளையும் முட்டியாக மடக்கி மோதினாள். பிறகு விழித்தாள்.

வதீ துள்ளி எழுந்தான். தன் முட்டிகளை மோதினான். அப்புறம் அவற்றை மெல்லத் திறந்து, ஒரு கையால் மறு கையைக் குலுக்கினான்.

"அட, சரியாச் சொல்றானே!" என்றார் அபூனா. அவரும் அப்படியே செய்தார். புல்வெளி முழுக்க முட்டிகள் மோதின, கைகள் குலுங்கின. உம் ஷுக்ரி அத்தையின் வளையல்கள்தான் எல்லாவற்றையும்விடச் சத்தம் போட்டன.

மதியம் கடற்கரை உணவகத்தில் மீன் சாப்பிடும்போது அத்தை வதீயின் எதிரில் வந்து உட்கார்ந்தார். "சுஹா, மீனுக்கு எப்படிக் காட்டணும்னு இவன்கிட்ட கேளேன்."

வதீ கையை நெளித்துக் காட்டினான். அத்தை செய்ததைப் பார்த்து, 'அப்படி இல்லை' என்று தலையை ஆட்டினான். மறுபடி செய்யச் சொன்னான்.

"என்னடா, பெரிய வாத்தியார் மாதிரி!" என்று அத்தை விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்போது பக்கத்து மேசையில் வேறு நாட்டிலிருந்து வந்த பயணிகள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வதீ எழுந்து அவர்களிடம் போனான். ஒவ்வொருவர் கையையும் தொட்டு, திரும்பிப் பார்க்க வைத்து, சுஹாவைச் சுட்டிக் காட்டினான். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, தன் மார்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

அவர்களுக்கு அரபி தெரியாது. கைமொழியும் தெரியாது. ஆனாலும், அது அவனுடைய அக்கா என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.