சாவு வீட்டில் எடுத்த குரல்

யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் அடுக்களையிலிருந்து சண்முகப்பிரியா, "வர்றேன்" என்றாள்.

ஞானவேல் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காது கொடுத்தான். பண்ணைக்காட்டுக்கு மேலே, காப்பித் தோட்டத்துக்கு நடுவில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீடு அது. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு மேகம் இறங்கி ஜன்னலை அடைத்திருந்தது. தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டும் சத்தம், ஈரச் சாக்கில் கிடந்த மிளகின் வாடை, அதையும் மீறிக்கொண்டு பால் பொங்கிக் கருகும் நாற்றம். பக்கத்தில் நிற்கிறவளுக்கு அது தெரியவில்லையா? எட்டிப் பார்த்தான். அவன் மனைவி அடுப்புக்கு முதுகைக் காட்டி, பின்வாசலைப் பார்த்து நின்றிருந்தாள். யாரிடம் சொன்னாய் என்று கேட்டதற்கு, தான் வாயே திறக்கவில்லை என்றாள்.

அந்தச் சொல்லின் நீளமும், நடுவில் குரல் லேசாக உடையும் இடமும் அவனுக்கு மனப்பாடம். வெட்டி எடுத்தவனே அவன்தான்.

ஞானவேல் செய்தது ஹவுஸ் இசை, கிளப்புகளில் விடிய விடிய ஆடுவதற்கானது. பளபளப்பாக இருந்தால் அவனுக்கு ஆகாது. காதில் விழும் சத்தங்களைப் பழைய கேசட் ரெக்கார்டரில் பிடித்து, கம்ப்யூட்டரில் துண்டு போட்டு, ஒரு துண்டையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதை மறுபடி கேசட்டில் ஏற்றி, அந்தக் கேசட்டை இன்னொன்றில் ஏற்றி, எல்லாம் தேய்ந்து இரைச்சல் படிந்த பிறகுதான் மனசு நிறையும். சந்தையானாலும் பஸ்ஸானாலும் பைக்குள் ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருக்கும். யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் சத்தம் கூச்சப்படும் என்பான். பேச்சுக்கு மட்டும் குறைச்சலில்லை.

அவர்கள் சாமான்களை மலையேற்றியவன் ஜீப் டிரைவர் கந்தவேல். அந்த ஜீப்பின் பின்கதவை ஓங்கி அறைந்தால்தான் பூட்டு விழும். அந்த 'டம்' பிடித்துப்போய் அதையே ஞானவேல் தன் பாட்டுக்கு அடித்தாளமாக்கினான். பாச்சலூர் வளைவில் ஜீப் உருண்டு கந்தவேல் செத்துப்போனபோது இருவரும் துக்கத்துக்குப் போனார்கள். பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். பைக்குள் ரெக்கார்டர் ஓடியது. கிளம்பும்போது கந்தவேலின் அம்மா வேலம்மாவின் கையைப் பிடித்த சண்முகப்பிரியா, பழக்கதோஷத்தில், சாவு வீட்டில் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டாள். வர்றேன் என்றாள்.

அழுகை சட்டென்று நின்றது. வேலம்மா அவள் வாயைப் பொத்தினாள். வழியெல்லாம் சண்முகப்பிரியா நாக்கைக் கடித்துக்கொண்டு புலம்பிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஞானவேல் வெட்டியது அந்த ஒரு சொல்லைத்தான். பின்னால் ஒப்பாரி, முன்னால் அவள் குரல், அப்புறம் அந்த அமைதி. இப்படி ஒன்று இனிமேல் அமையாது என்று தோன்றியது. வேகத்தைக் குறைத்து, கந்தவேலின் கதவுக்கு மேல் ஏற்றினான். டம், டம், டம், டம், வர்றேன். அவள் கேட்டுவிட்டு, "இது மட்டும் வேணாங்க" என்றாள். பாட்டுதானே என்று சிரித்தான்.

வெளிநாட்டில் ஒரு சின்ன கம்பெனி அதை இசைத்தட்டாகப் போட்டது. அவன் வாழ்க்கையில் நடந்த முதல் நல்ல காரியம். ஒரு வீடியோவும் அனுப்பினார்கள். ஏதோ ஊரின் நிலவறையில், வியர்த்து ஆடும் கூட்டம், அர்த்தம் தெரியாமல், ஒரே வாயாக வர்றேன், வர்றேன் என்றது. அதை மனைவிக்குப் பெருமையாகக் காட்டினான். அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகப் பின்வாசலில் போய் நின்றாள்.

அப்புறம் தினமும் நின்றாள். நேற்று பயம் தாங்காமல் பாச்சலூரில் கந்தவேலின் வீட்டுக்கு ஓடினான். எல்லாவற்றையும் சொல்லி, இதற்கு ஏதாவது பரிகாரம் உண்டா என்று வேலம்மாவின் காலருகே உட்கார்ந்து கெஞ்சினான். அவள் திட்டவில்லை.

"ஒருக்கா சொன்னா வாய் தவறிருச்சுன்னு விட்டுரலாம் தம்பி. நீங்க எத்தன தடவ சொல்ல வச்சீங்க?"

அவன் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தான். கேசட் நாடாவை உருவி அடுப்பில் போட்டான். பாட்டை எடுத்துவிடுங்கள் என்று கம்பெனிக்கு மன்றாடி எழுதினான். தட்டு எல்லாம் விற்றுப்போய்விட்டது, இன்னும் போடுகிறோம் என்று பதில் வந்தது. கூடவே ஒரு சிவப்பு இதயம்.

"வர்றேன்."

இந்தத் தடவை குரல் தாழ்ந்திருந்தது. அவன் குறைத்து வைத்த அதே வேகம். அடியில் நாடா ஓடும் இரைச்சல்.

அவன் ஓடிப்போய்ப் பின்கதவுக்குத் தாழ் போட்டு, அவளை இறுகக் கட்டிக்கொண்டான். உடம்பு ஈரத்துணியாய்ச் சில்லிட்டிருந்தது. இவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பில்லை. வெளியே, மேகத்துக்குள், ஒரு ஜீப்பின் கதவு அடித்தது. இன்ஜின் சத்தமே இல்லை. கதவு மட்டும்.

"எங்கயும் போகாத பிரியா. என்னயப் பாரு."

"நாந்தானங்க சொன்னேன்," என்றாள் அவள், நிதானமாக. "சொன்னா போகணும்ல."

கைக்குள் இருந்தவள் கைக்குள் இல்லை. தாழ் திறந்து கிடந்தது. வெள்ளை மேகத்தில் ஜீப்பின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. அவள் முடியை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள்.

டம்.

அலறிக்கொண்டு ஓடினான். ஜீப் இல்லை. காப்பிச் செடிகள் சொட்டிக்கொண்டிருந்தன.

"வர்றேன்."

அடுக்களையிலிருந்து. சந்தோஷத்தில் அவனுக்கு அழுகை வந்தது. அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றவள் நடந்தாள், அவனைத் தாண்டினாள். அதே கால் முதலில். அதே கை முடியை ஒதுக்கியது.

டம்.

மறுபடி வந்தாள். சேலையில் நிறம் போயிருந்தது.

டம்.

மூக்குத்தி இல்லை. மூக்கும் சரியாக இல்லை.

டம்.

மணிக்கட்டைப் பிடித்தான். அது நிற்கவில்லை. அவன் விரல்களில் பழுப்புத் தூள் ஒட்டியிருந்தது. பழைய கேசட் நாடாவில் உதிருமே, அந்தத் தூள்.

டம்.

எங்கோ ஒரு நிலவறையில் யாரோ தட்டை மறுபடி வைக்கிறார்கள்.

பால் கருகும் நாற்றம். அடுப்புக்கு முதுகைக் காட்டி ஒரு உருவம். கண் இருந்த இடம் வழவழப்பாக இருந்தது. நெற்றி, கன்னம், எல்லாம் தேய்ந்து போயிருந்தன. வாய் மட்டும் மிச்சம்.

அது திறந்தது.