ஒரு சாண் தாண்டினால்...

மழை... தூறல் கீறல் எல்லாம் இல்லை, மேலே யாரோ குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்துபோன மழை.

அதற்குள் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்தவளுக்கு மணி ஏழு ஐம்பது என்பது மட்டும்தான் தெரிந்தது. எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. இதயம், ரத்தக் குழாய்ப் பிரிவின் கட்டுப்போடும் அறை நர்ஸ் அவள். நாற்சந்தியில் விளக்கு சிவப்பாக, அவள் பிரேக்கை அழுத்த, ஈரத்தில் ஸ்கூட்டர் கொஞ்சம் சறுக்கி... நின்றுவிட்டது. ஆனால் வெள்ளைக் கோட்டைத் தாண்டி நின்றது.

விசில் சத்தம்!

மழைக்கோட்டுக்குள் போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்தார். தொப்பி நெற்றி வரை இறங்கி, காலர் மூக்கு வரை ஏறியிருந்தது. வெளியே தெரிந்தது இரண்டு கண்கள் மட்டும். அடர்ந்த இமைகளில் மழைத்துளி தொங்க, எதையும் தவறவிடாத கண்கள்... 'கண்ணு என்னவோ நல்லாத்தான் இருக்கு. வாயைத் திறக்காம இருந்தா...' என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் வாய் திறந்துவிட்டது.

"கோட்டைத் தாண்டிட்டீங்க மேடம்."

"ஒரு சாண்தானே சார்..."

"ஒரு சாண் தாண்டினாலும் தாண்டினதுதான்."

"நர்ஸ் சார் நான். லேட்டாகுது. அங்க நோயாளிங்க காத்துட்டிருக்காங்க."

"நீங்களே அடிபட்டுப் போய்ப் படுத்தா அவங்கள யார் பார்ப்பாங்க? வண்டியப் பின்னால தள்ளுங்க. அடுத்த சிவப்பு விளக்கு முடியற வரைக்கும் நில்லுங்க. அதான் தண்டனை."

பச்சை வந்தது, எல்லோரும் போனார்கள், அவள் நின்றாள். மறுபடி சிவப்பு வந்தது, அப்போதும் நின்றாள். பன்னிரண்டு நிமிடம் தாமதமாகப் போய்த் தலைமை நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்றே அவருக்குப் பெயரும் வைத்துவிட்டாள்... கோட்டுச்சாமி!

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் கொட்டினாள். அப்பா, அம்மா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியது அண்ணன்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன்.

"அவனா!" அண்ணன் கரண்டியோடு அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்தான். "என்னை எத்தனை தடவை நிறுத்தியிருக்கான் தெரியுமா? வேன்ல இருக்கற வாண்டுங்க முன்னாடி மானம் போச்சு. அந்த ஆளு நம்ம குடும்பத்துக்கே எதிரி பாப்பா!"

குடும்பம் என்பது இரண்டே பேர்தான். இருந்தாலும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

சனிக்கிழமை. கட்டுப்போடும் அறைக்கு முதல் ஆளாக ஒருவர் கொஞ்சம் நொண்டியபடி வந்தார். உதவிக்கு இருக்கும் பஞ்சக்கா (பஞ்சு மடித்து மடித்தே அந்தப் பெயர் வந்துவிட்டது) சீட்டை நீட்டினாள். இடது கணுக்காலின் உட்பக்கம் புண், இரண்டு மாதமாக ஆறவில்லை. வேலை: போக்குவரத்துக் காவலர்.

அவள் நிமிர்ந்தாள். அதே கண்கள். இன்றைக்கு மழைத்துளி மட்டும்தான் இல்லை.

முகக்கவசத்துக்குள் அவள் உதடுகள் விரிந்தன. "பேண்ட்டை முழங்கால் வரைக்கும் மடிங்க சார்... இன்னும் மேல... இன்னும் ஒரு சாண்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நீங்க... அந்த மழையில..."

"நானேதான். படுங்க."

முகத்தில் வெற்றிக் களை இருந்தாலும் கை தன் வேலையை மறக்கவில்லை. சின்னக் கருவியைக் கால் மேல் வைத்து, பாதத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் கேட்டாள். ஷ்ஷூ... ஷ்ஷூ... என்று நன்றாகவே கேட்டது. கீழே போவதில் குறையில்லை, மேலே திரும்புவதில்தான் கோளாறு.

"எவ்வளவு நேரம் நிக்கறீங்க?"

"எட்டு மணி நேரம்."

"அசையாமலா?"

"காவலர் அசைஞ்சா ஊர் அசைஞ்சிடும் மேடம்."

"அதான் வினை. கீழ வந்த ரத்தத்தை மேல தள்ளி அனுப்பறது இந்தக் கெண்டைக்கால் சதைதான். ரெண்டாவது இதயம்னே சொல்லுவாங்க. நீங்க கம்பம் மாதிரி நின்னா அது தூங்கிடும். ரத்தம் காலிலேயே தேங்கும், வீங்கும், புண்ணு ஆறாது."

அவள் புண்ணைக் கழுவி மருந்து வைத்து, விரலடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை பட்டைத் துணியை இழுத்துச் சுற்றினாள். துணியில் வரிசையாகச் செவ்வகக் கட்டங்கள் அச்சிட்டிருந்தன. அவள் கைபட்டு இழுபட்டதும் அவை ஒவ்வொன்றாகச் சதுரமாயின.

"இந்தக் கட்டமெல்லாம் சதுரமா இருந்தா இறுக்கம் சரின்னு அர்த்தம். ஒரு வாரத்துக்கு அவுக்கக் கூடாது. உட்கார்ந்தா காலை நெஞ்சுக்கு மேல தூக்கி வைக்கணும். சிவப்பு விளக்கு விழறப்பல்லாம் குதிகாலைத் தூக்கி இறக்கணும், இருபது தடவை."

"நடு ரோட்டிலயா? சிரிப்பாங்க மேடம்!"

"சிரிக்கட்டும். கால் உங்களோடது."

அவர் கட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு குரல் இறங்கியது. "இன்னும் மூணு மாசத்துல மருத்துவச் சோதனை இருக்கு. அதுக்குள்ள ஆறலைன்னா என்னைக் கோப்பு அறைக்கு மாத்திடுவாங்க. ஆறு வருஷமா அந்தச் சந்திப்புல நிக்கறேன். ஒரு உயிர் போனதில்ல. நீங்க தாண்டின அந்த ஒரு சாண் இருக்கே... பள்ளிக்கூடப் பிள்ளைங்க நடந்து போறது அதுலதான்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க அவள் நாலு கேள்வி தயாராக வைத்திருந்தாள். ஒன்றுகூட வெளியே வரவில்லை. "ஆறிடும் சார். நான் ஆத்திடறேன்" என்று மட்டும் சொன்னாள். ஏன் அவ்வளவு மெதுவாகச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் போனதும் பஞ்சக்கா தொண்டையைக் கனைத்தாள். "எல்லாரும் உங்களை சிஸ்டர்ங்கறாங்க. இவர் மட்டும் மேடம்ங்கறார்... கவனிச்சீங்களா?"

"பஞ்சை மடிங்கக்கா!"

அதற்கப்புறம் சனிக்கிழமைகள் தாமே ஓடி வந்தன. அளவு நாடாவைக் கெண்டைக்காலில் சுற்றி அவள் அளவு சொல்ல, அவர் ஏதோ பரீட்சை முடிவு கேட்கிறவர்போலக் கண்ணை மூடிக்கொள்ள, "பாஸ்" என்று அவள் சொல்வாள். மற்ற நாட்களில், காலை ஏழு நாற்பதுக்கே சந்திப்புக்கு வந்துவிடுவாள். கோட்டுக்குச் சரியாகப் பின்னால் நிறுத்துவாள். அவர் திரும்பிப் பார்ப்பார். அவ்வளவுதான்... ஆனால் அந்தப் பார்வை அன்று முழுவதற்கும் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. குதிகாலை மட்டும் அவர் தூக்கி அவள் பார்த்ததில்லை. 'வெட்கம் போல... வீட்டுல செய்வார்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

புண் மூன்று வாரம் மளமளவென்று சுருங்கியது. நான்காவது வாரம் நின்றுவிட்டது. ஐந்தாவது வாரம் ஓரம் சிவந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. 'என் கட்டுதான் சரியில்லையா? இறுக்கம் போதலையா?' என்று அண்ணனின் காலைப் பிடித்து வைத்துச் சுற்றிச் சுற்றிப் பழகினாள். "என் காலுக்கு என்னடி ஆச்சு?" என்று அவன் அலறினான். சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆத்திடறேன் என்று வாக்குக் கொடுத்தது அவள்தானே...

ஆறாவது சனிக்கிழமை பஞ்சக்கா லீவு. வழக்கமாகப் பழைய கட்டை அவிழ்த்து வைப்பது அவள்தான். அன்றைக்கு நர்ஸே குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

கட்டங்கள் சதுரமாக இல்லை. முழுக்கச் செவ்வகம்.

"இது நான் கட்டின கட்டு இல்ல" என்றாள்.

அவர் கூரையைப் பார்த்தார்.

"எத்தனை வாரமா?"

"மூணு... புதுசா ஒரு மேலதிகாரி ரோந்து வர்றார். கட்டோட பூட்ஸ் நுழையல. ஒரு காலில செருப்பு போட்டு நின்னா கூட இருக்கறவனெல்லாம் கேலி பண்ணுவான். அதான் காலையில அவுத்துட்டு... இங்க வர்றதுக்கு முன்னாடி நானே சுத்திட்டு..."

"ஒரு சாண் தாண்டினாலும் தாண்டினதுதான்னு அன்னைக்கு மழையில நிக்க வச்சீங்களே. இது எத்தனை சாண் சார்?"

அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என் கையிலதான் கோளாறுன்னு மூணு வாரமா செத்துப் பிழைச்சிருக்கேன். உங்களுக்குப் பூட்ஸ் பெரிசாப் போச்சு! இனி வேற சிஸ்டர் கட்டுவாங்க. நான் கட்ட மாட்டேன்."

வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினாள். கழுவக் கழுவக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. ஒரு நோயாளி கட்டை அவிழ்த்ததற்கெல்லாம் இவ்வளவு அழுகை வராது. அது அவளுக்கும் தெரிந்தது. தெரிந்ததால் இன்னும் கோபம் வந்தது.

மறுநாளிலிருந்து சந்திப்பு வழியே கிடையாது. ரயில்வே கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். சனிக்கிழமைகளில் நுரையீரல் வார்டுக்கு மாற்றிக்கொண்டாள். "மூக்கால இழுங்க... உதட்டைக் குவிச்சு மெதுவா விடுங்க..." என்று மூச்சிரைப்புக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

"சிஸ்டர்," என்றார் கட்டிலில் இருந்த தபால்காரர், "எங்களைவிட நீங்கதான் நீளமா மூச்சு விடறீங்க!"

பஞ்சக்கா அவ்வப்போது அந்தப் பக்கம் வந்து போவாள். "கட்டமெல்லாம் சதுரமாத்தான் இருக்கு. நீங்க கேக்கல... நானாச் சொல்றேன்." அவள் காதில் விழாத மாதிரி இருப்பாள். விழுந்தது.

இப்படி ஆறு வாரம் ஓடியது. ஒரு சாயங்காலம் அண்ணன் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தான். சிரிப்பில் சாவி கீழே விழுந்தது.

"பாப்பா, நம்ம எதிரிக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு! ஒரு காலில பூட்ஸ், இன்னொரு காலில கட்டும் செருப்பும். சிவப்பு விழுந்தா போதும், நடு ரோட்டில நின்னு எம்பி எம்பிக் குதிக்கறான்!"

அவள் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. "குதிக்கறாரா... குதிகாலைத் தூக்கறாரா?"

"ஏதோ ஒண்ணு. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அவன் பேச்செடுத்தாலே நீ மூஞ்சியத் தூக்கறேன்னுதான் சொல்லல, இன்னைக்கு அடக்க முடியல. பஸ்ஸுல இருக்கறவன் விசிலடிக்கறான், அவன் மேலதிகாரியே ஜீப்பை நிறுத்திட்டுச் சிரிச்சார். அவன் நிறுத்தல. என் வேன் வாண்டுங்க இருபது வரைக்கும் சத்தமா எண்ணுதுங்க. உனக்கென்ன... ஏன் அழறே?"

"அழல. சிரிக்கறேன்" என்றாள் அவள். இரண்டும்தான்.

மறுநாள் காலை. லேசான தூறல். ஏழு நாற்பதுக்கு ஸ்கூட்டர் பழைய வழியில் திரும்பியது. விளக்கு சிவப்பாயிற்று. கோட்டுக்குச் சரியாகப் பின்னால் நிறுத்தினாள். விளக்குக்குப் பக்கத்தில் நொடிகள் ஓடின... எழுபது, அறுபத்தொன்பது...

நடுவில் அவர். குதிகால்கள் எழும்பின, இறங்கின. பின்னாலிருந்து பிள்ளைகள் கூட்டமாகக் கத்தினார்கள். "பத்து! பதினொண்ணு! பன்னெண்டு!"

அவர் அவளைப் பார்த்தார். குதிகால் அந்தரத்தில் நின்றது.

"பன்னெண்டு சார்! பதிமூணு போடுங்க!"

அவர் போடவில்லை. நேரே அவளிடம் வந்தார். இமைகளில் மறுபடி மழைத்துளி...

"கோட்டைத் தாண்டலையே சார் நான்?" என்றாள்.

"இல்ல. நேத்து மருத்துவச் சோதனை முடிஞ்சுது. புண்ணு ஆறிடுச்சு. இங்கயே நிக்கலாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

சந்தோஷத்தில் அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. "அப்ப ஏன் இன்னும் இவ்வளவு எம்பறீங்க?"

"நீங்க இந்த வழியா வந்து பார்க்கற வரைக்கும் விடறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். உங்க வேலையை அவமதிச்சுட்டேன் மேடம். ஊர் முன்னாடி வெட்கப்பட்டுத்தான் அதைப் பண்ணினேன். அதான் ஊர் முன்னாடியே நின்னு தீர்த்தேன்."

முப்பத்தெட்டு, முப்பத்தேழு...

"இன்னொண்ணு," என்று அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "இனிமே ஆயுசுக்கும் இறுக்கக் காலுறை போடணுமாம். தினமும் காலையில, கட்டில்ல இருந்து இறங்கறதுக்கு முன்னாடி. தனியா மாட்டறது கஷ்டம், வீட்டுல யாராவது இருக்காங்களான்னு அந்த சிஸ்டர் கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"கேட்டுச் சொல்றேன்னேன்... இப்ப கேக்கறேன். நீங்க வர்றீங்களா? காலுறைக்காக இல்ல. உங்களைப் பார்க்காத ஆறு வாரம், கால் ஆறிச்சு... மத்தது எதுவும் ஆறல."

தூறல் சட்டென்று சத்தமில்லாமல் போன மாதிரி இருந்தது அவளுக்கு. கன்னம் சுட்டது.

பின்னால் ஹாரன் அலறியது. மஞ்சள் வேனிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "பாப்பா! என்ன பண்றான் அவன்? கேஸ் எழுதறானா?"

அவர் திடுக்கிட்டார். "இவர் யாரு?"

"எங்க அண்ணன்."

"ஐயோ! இவரை நாலு தடவை நிறுத்தியிருக்கேனே!"

"அஞ்சு!" என்று வேன் திருத்தியது.

அவள் திரும்பிச் சொன்னாள். "கேஸ் இல்லண்ணா... பொண்ணு கேக்கறார்!"

வேனுக்குள் பிள்ளைகள் "ஓ!" என்று கூவினார்கள். அண்ணனின் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்தான். நேற்றுத் தட்டோடு நின்று அழுததன் அர்த்தம் இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. தன் காலில் எதற்குத் துணி சுற்றினாள் என்பதும் புரிந்தது.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லு!" என்று கத்தினான். "வாசப்படிக்கு ஒரு சாண் முன்னாடி நிக்கணும். நான் சொன்னப்புறம்தான் உள்ள வரணும்!"

"நிக்கறேங்க!" என்றார் கோட்டுச்சாமி விறைப்பாக. பிறகு அவளிடம் திரும்பினார். ஏழு, ஆறு... "நீங்க இன்னும் பதில் சொல்லல மேடம்."

அவள் இரு கால்களாலும் தரையை உந்தி, ஸ்கூட்டரை முன்னால் தள்ளினாள். முன்சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தாண்டி நின்றது. சரியாக ஒரு சாண்.

மூன்று, இரண்டு...

"மேடம்... தாண்டிட்டீங்க."

"தெரிஞ்சுதான் தாண்டினேன்" என்றாள் அவள்.